பின்பனியில் நாசிக்: அறுவடைக் காலத்தில் உள்ளூர் ஒயினைச் சுவைக்க முழுமையான வழிகாட்டி

நாசிக்கில் ஒயின் திராட்சைக்கு ஆண்டுக்கு ஒரே ஓர் அறுவடைதான். ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிடும். தை பாதியிலிருந்து மாசி முடியும் வரையிலான இந்த வாரங்களில் போனால் கொடியில் பழம், தொட்டியில் நொதித்துக்கொண்டிருக்கும் சாறு, புட்டியில் போன வருஷத்து ஒயின் என மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். மற்ற மாதங்களில் போகிறவர்களுக்குப் புட்டி மட்டும்தான் கிடைக்கும். ஆனால் இந்தப் பருவத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலையில் 10 டிகிரி, மதியம் 31 டிகிரி என்று ஒரே நாளில் 20 டிகிரி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பழத்துக்கு நல்லது. கிளாஸில் இருக்கும் ஒயினுக்கு நல்லதல்ல. வெப்பநிலையைக் கவனிக்காமல் சுவைக்கிறவர் நல்ல ஒயினை மட்டம் என்றும் மட்டமானதை நல்லதென்றும் எழுதிவைப்பார். அதனால் இந்த வழிகாட்டியில் தெர்மோமீட்டர் அடிக்கடி வரும்.

குளிர் பழத்துக்கு என்ன செய்கிறது

நாசிக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. நில நடுக்கோட்டிலிருந்து 20 டிகிரி வடக்கு. ஐரோப்பியத் திராட்சை பழகிய இடம் 30 டிகிரிக்கு மேல். இங்கே கொடி குளிரில் இலையுதிர்த்து உறங்குவதில்லை. அதனால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துதான் அதற்குப் பருவத்தைக் கற்பிக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு கவாத்து, அடுத்த பருவத்துக்கான குச்சியை வளர்க்க. செப்டம்பர், அக்டோபரில் மழை ஓயும்போது இன்னொரு கவாத்து, பழத்துக்காக. அதிலிருந்து நான்கு முதல் ஐந்து மாதத்தில் அறுவடை. கணக்கு இப்படி வைத்திருப்பதற்குக் காரணம், பழம் முதிரும் கடைசி வாரங்கள் குளிர்ந்த இரவுகளில் விழ வேண்டும் என்பதே.

திராட்சையில் புளிப்புக்கு முக்கியமானவை இரண்டு: டார்டாரிக் அமிலமும் மாலிக் அமிலமும். டார்டாரிக் வெயிலுக்கு அவ்வளவாக அசைவதில்லை. மாலிக் அப்படியல்ல, பழம் சுவாசிக்கும்போது அது எரிந்து தீர்கிறது, சூடு ஏற ஏற வேகமாகத் தீர்கிறது. பகல் வெயில் சர்க்கரையைச் சேர்க்கும், குளிர்ந்த இரவு மாலிக் அமிலத்தைக் காப்பாற்றும். ஜனவரியில் சராசரி இரவு வெப்பநிலை 10 டிகிரி அளவில் இருக்கும். பிப்ரவரியில் 12 வரை, மார்ச்சில் 16 வரை போகும். மார்ச் பகல் 36 டிகிரியைத் தொடும். அதற்குப் பிறகு கொடியில் தொங்கும் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு சரியும்.

கம்பம் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பந்தலில் ஏற்றி, கவாத்து தேதியை மாற்றி மாற்றி வைத்து, ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வெள்ளாமை எடுக்கிறார்கள். அதனால் அங்கே எந்த மாதமும் எங்கோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். நாசிக் ஒயின் தோட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒரு பனிக்காலம் கைவிட்டால் அந்த ஆண்டே போயிற்று. நாசிக் மாவட்டத்து நிபாட் பக்கம் குளிர் அலை வரும் ஆண்டுகளில் 5 டிகிரியைத் தொடுவதும் உண்டு. அப்போது பழத்தோல் வெடிக்கும். அதைத் தடுக்க இரவில் தோட்டத்துக்குள் தீ மூட்டுவார்கள், சொட்டுநீரை ஓடவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் எதிர்பாராமல் வரும் ஆலங்கட்டி மழை இதைவிட மோசம். அடிபட்ட பழத்தில் பூஞ்சை ஏறிவிடும்.

எந்த வாரத்தில் போவது

எல்லாத் திராட்சையும் ஒரே நாளில் முதிர்வதில்லை. முதலில் குமிழி விடும் ஸ்பார்க்ளிங் ஒயினுக்கான பழம். சர்க்கரை குறைவாக, 17 முதல் 19 பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு) இருக்கும்போதே, புளிப்பு தூக்கலாக இருக்கையில் பறித்துவிடுவார்கள். அடுத்தது சொவின்யோன் ப்ளாங்க், ஷெனின் ப்ளாங்க் போன்ற வெள்ளை ரகங்கள், 21, 22 பிரிக்ஸில். பிறகு ஷிராஸ், ஸின்ஃபாண்டெல். கடைசியாக காபர்னே சொவின்யோன். அது மார்ச் வரை நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினைந்து நாள் முன்பின்னாகும்.

வெள்ளையும் சிவப்பும் இரண்டுமே கொடியில் இருக்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் மூன்று வாரங்களே சரியானவை. சுலா என்ற ஒயினரியின் (ஒயின் ஆலை) இசைவிழா வழக்கமாக பிப்ரவரியில்தான் நடக்கும். அந்த வார இறுதியில் அறை கிடைக்காது, நிதானமாகச் சுவைக்க இடமும் இருக்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை போனால், பரிமாறுகிறவரிடம் நின்று பேசவும் நேரமிருக்கும். மகாராஷ்டிரத்தில் ஜனவரி 26, ஜனவரி 30 போன்ற நாட்களில் மது விற்பனை கிடையாது. பிப்ரவரியிலும் அப்படிப்பட்ட நாட்கள் வரலாம். தேர்தல் இருந்தால் இன்னும் கூடும். டிக்கெட் எடுக்குமுன் அந்தந்த ஒயினரியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்; அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மும்பையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். கசாரா மலைப்பாதை வழியாக நாசிக் ரோடு வரை ரயிலில் மூன்று, நான்கு மணி நேரம். ரயிலே நல்லது; காரணம் பின்னால் வருகிறது.

கிளம்புமுன் வீட்டில் செய்ய வேண்டிய நாக்குப் பயிற்சி

ஒயினில் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு நான்கும் ஒரே நேரத்தில் வாயில் விழுகின்றன. அவற்றைத் தனித்தனியாக ஒரு முறை ருசித்துப் பார்த்தவருக்குக் கலவையில் பிரித்தறிவது எளிது. ஒரு மாலை போதும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு பாத்திரம். இன்னொரு லிட்டரில் 10 கிராம் சர்க்கரை. மூன்றாவதாக, 200 மில்லி வெந்நீரில் இரண்டு டீ பை போட்டு பத்து நிமிடம் ஊறவைத்த கட்டன் டிகாஷன், சர்க்கரையில்லாமல், ஆறியது. முதல் பாத்திரம் நாக்கின் ஓரங்களில் உமிழ்நீரைச் சுரக்கவைக்கும், அதுதான் புளிப்பு. டிகாஷன் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் உலரவைத்து இழுக்கும், அதுதான் டானின் தரும் துவர்ப்பு. ஒயின் பேசும் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நெல்லிக்காயும் வாழைப்பூவும் தின்று வளர்ந்தவர்களுக்குத் துவர்ப்பு புதிதல்ல, ஆகவே நமக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

இப்போது புளிப்புத் தண்ணீர் 100 மில்லியும் சர்க்கரைத் தண்ணீர் 100 மில்லியும் ஒரு கிளாஸில் கலக்குங்கள். பக்கத்தில் ஒப்பிடுவதற்காக, புளிப்புத் தண்ணீர் 100 மில்லியும் வெறும் தண்ணீர் 100 மில்லியும் கலந்த இன்னொன்று. இரண்டிலும் அமிலம் ஒரே அளவு. ஆனால் சர்க்கரை சேர்ந்ததில் புளிப்பு குறைந்ததுபோல் தோன்றும். நாசிக்கின் ஷெனின் ப்ளாங்க் பலவற்றில் கொஞ்சம் சர்க்கரை மீதம் விட்டிருப்பார்கள். அதைக் குடித்துவிட்டு "புளிப்பே இல்லை" என்று சொல்லிவிடாமல் இருக்க இந்தப் பயிற்சி உதவும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சமையலறையில் பயன்படும் ஊசிமுனை டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஆளுக்கு ஒன்று. உப்பில்லாத பிஸ்கட் அல்லது வெறும் பாவ். வெள்ளைக் காகிதம், நிறம் பார்ப்பதற்கு. நோட்டும் பேனாவும். காலைக்கு ஒரு ஸ்வெட்டர், மதியத்துக்குத் தொப்பி. உதட்டுக்கு வாசனையில்லாத வாஸ்லைன், ஏனென்றால் பிப்ரவரிக் காற்று ஈரமில்லாமல் உலர்ந்திருக்கும். உதடு வெடித்தால் ஒயினின் புளிப்பு எரியும், மூக்கின் உட்புறம் காய்ந்தால் வாசனை பாதியாகிவிடும். தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்வது போதையைக் குறைக்க மட்டுமல்ல, மூக்கை ஈரமாக வைக்கவும்தான். சளி பிடித்திருந்தால் அன்றைக்குச் சுவைப்பதைத் தள்ளிப்போடுங்கள். அடைத்த மூக்கோடு சுவைப்பது வீண்.

எங்கெங்கே போவது

ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரி, மொத்தம் பத்துப் பன்னிரண்டு மாதிரி. அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்காது.

முதல் நாள் கங்காபூர் அணைப் பக்கம். ராஜீவ் சாமந்த் 1999-இல் தொடங்கிய சுலா இங்கேதான். 2005-இல் இங்கே டேஸ்டிங் ரூம் திறந்தபோதுதான் நாசிக்குக்கு ஒயினுக்காகவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் இருக்கும், ஆனால் ரகங்கள் நிறைய. பக்கத்திலேயே யார்க், சற்றுத் தள்ளி சோமா. யார்க் சிறியது, 2021-இல் சுலாவே அதை வாங்கிவிட்டது; அணையைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்து சுவைக்க ஏற்றது. சுலாவில் காலை, யார்க்கில் பிற்பகல் என்று வைத்துக்கொண்டால் ஒரே நிலப்பரப்பில், ஒரே வானிலையில் விளைந்த பழம் இரண்டு ஒயினரிகளில் எப்படி வேறுவேறு ஒயினாகியிருக்கிறது என்று தெரியும்.

இரண்டாம் நாள் இகத்புரி சாலையில், சஞ்சேகாவ் பக்கம் க்ரோவர் ஸாம்பாவும் வாலோனும். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்குவதால் இங்கே மழை அதிகம். மூன்றாவது நாள் இருந்தால் நிபாட் பக்கம் ரெவெய்லோ. நெரோ தாவோலா, க்ரில்லோ போன்ற இத்தாலிய ரகங்களை நாசிக்கில் பயிரிட்டவர்கள். திண்டோரியில் உள்ள ஷாந்தோன் ஸ்பார்க்ளிங்குக்குப் பெயர்பெற்றது. எதற்கும் முன்பதிவு செய்துவிட்டே போங்கள், குறிப்பாக அறுவடை வாரங்களில்.

சுவைக்கும் நாள் காலை

நாசிக் என்றால் மிசல், முளைகட்டிய பயறில் செய்யும் காரக் குழம்பு. சிவப்பாக எண்ணெய் மிதக்கும் தர்ரியோடு சாப்பிட்டால் காரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயில் நிற்கும், அதன்மேல் ஒயின் விட்டால் ஆல்கஹால் மட்டும்தான் சுடும். மிசலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலைக்கு உப்புமா, போஹா, இட்லி எதுவானாலும் சரி, மிளகாய் குறைவாக. வெறும் வயிற்றோடு போகவே கூடாது. காபியும் பற்பசையும் சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும். சென்ட், வாசனை எண்ணெய், மல்லிகைப்பூ வேண்டாம். உங்களுக்குப் பழகிப்போன வாசனை பக்கத்தில் இருப்பவருடைய மூக்கைக் கெடுக்கும்.

வண்டி ஓட்டுபவர் சுவைக்கவே கூடாது. 30 மில்லி வீதம் ஆறு மாதிரி என்றால் 180 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 18 கிராம் தூய ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த ஆறையும் வேகமாக விழுங்கினால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். ஊருக்குள் ரயிலில் வந்து, நாள் வாடகைக்கு வண்டி பேசிக்கொள்வதே பாதுகாப்பு.

தோட்டத்தில் பழம்

முதல் வேலை காலை எட்டு, ஒன்பது மணிக்குள் தோட்டத்தைப் பார்ப்பது. அறுவடை விடியற்காலையிலேயே நடக்கும். குளிர்ந்த பழம் வந்தால்தான் தொட்டியில் நொதித்தல் கட்டுக்குள் இருக்கும், வெள்ளைத் திராட்சையின் வாசனை பறக்காது. கேட்காமல் பழத்தைப் பறித்துத் தின்னாதீர்கள். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பது தோட்டக்காரருக்குத்தான் தெரியும்.

அனுமதி கிடைத்தால் ஒரு கொத்தின் மேற்பகுதியிலிருந்து ஒன்று, நுனியிலிருந்து ஒன்று, வெயில் படும் பக்கத்தில் ஒன்று, நிழல் பக்கத்தில் ஒன்று என நான்கு பழம் எடுங்கள். கடையில் வாங்கும் தாம்சன் சீட்லெஸ் போலப் பெரிதாக இருக்காது. சிறியது, தோல் தடிப்பு, விதை உண்டு. முதலில் சதையை மட்டும் பிதுக்கி ருசியுங்கள்: இனிப்பு எவ்வளவு, அதன் பின்னால் புளிப்பு நிற்கிறதா. பிறகு தோலை மட்டும் பத்துப் பதினைந்து முறை மெல்லுங்கள். பச்சை இலை வாசனை அடித்தால் இன்னும் முதிரவில்லை. பழ வாசனையும் மென்மையான துவர்ப்பும் வந்தால் நெருங்கிவிட்டது. கடைசியாக விதை. பச்சையாக இருந்தால் கசக்கும். பழுப்பாகி, கடித்தால் நொறுங்கி, வறுத்த பருப்பு வாசனை வந்தால் முதிர்ந்தது. நிழல் பக்கப் பழம் புளிப்பாகவும் வெயில் பக்கப் பழம் இனிப்பாகவும் இருப்பதை ஒரே கொத்தில் காணலாம். யாராவது சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நீட்டினால் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். 22 பிரிக்ஸ் என்றால், நொதித்து முடிந்ததும் ஏறத்தாழ 12 முதல் 13 சதவீத ஆல்கஹால்.

தொட்டிகள் இருக்கும் கூடத்துக்குள் அழைத்துப்போனால் ஓர் எச்சரிக்கை. நொதிக்கும் சாற்றிலிருந்து கரியமில வாயு வெளியேறி, காற்றைவிடக் கனமாக இருப்பதால் தொட்டியின் வாயருகிலும் தரையோரமும் தேங்கும். வாசனை பார்க்கிறேன் என்று திறந்த தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். மயக்கம் வர ஒரு மூச்சு போதும். குழாயிலிருந்து கிளாஸில் பிடித்துக் கொடுப்பதைச் சுவையுங்கள். கலங்கலாக, இனிப்பாக, ஈஸ்ட் வாசனையோடு இருக்கும். இரண்டு மிடறுக்கு மேல் வேண்டாம், வயிறு உப்பும்.

மேசையில்

ஒயினை வரிசைப்படுத்திக் கேளுங்கள்: ஸ்பார்க்ளிங், ஓக் படாத வெள்ளை (ஓக் மரப் பீப்பாயில் வைக்காதது), ஓக் பட்ட வெள்ளை, ரோஸே என்னும் இளஞ்சிவப்பு, மெல்லிய சிவப்பு, கனத்த சிவப்பு, கடைசியில் இனிப்பு. கொஞ்சம் சர்க்கரை உள்ள ஷெனினை இனிப்பில்லாத சொவின்யோனுக்கு முன்னால் குடித்தால் சொவின்யோன் வெறும் எலுமிச்சைத் தண்ணீர்போல் தோன்றும். பரிமாறுபவர் மாற்றி ஊற்றினாலும் ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் வரிசைப்படி எடுங்கள்.

வெயில் படும் மேசை வேண்டாம். காட்சி நன்றாக இருக்கிறதே என்று மொட்டைமாடியில் உட்காருகிறார்கள். பதினொரு மணி வெயிலில் 30 மில்லி ஒயின் சில நிமிடங்களில் சூடேறிவிடும். நிழலில், காற்று நேரே அடிக்காத, அடுக்களைப் புகை வராத இடமாகப் பாருங்கள்.

அடுத்து தெர்மோமீட்டர். ஸ்பார்க்ளிங் 6 முதல் 8 டிகிரி, மெல்லிய வெள்ளை 8 முதல் 10, ஓக் பட்ட வெள்ளை 11, 12, ரோஸே 10 அளவில், மெல்லிய சிவப்பு 14, கனத்த சிவப்பு 16 முதல் 18. டேஸ்டிங் ரூம்களில் வெள்ளை ஒயினைப் பெரும்பாலும் 4, 5 டிகிரி ஃப்ரிட்ஜிலிருந்து நேரே ஊற்றுவார்கள். அது வாசனையே விடாது. கிளாஸின் கிண்ணத்தை உள்ளங்கையால் இரண்டு நிமிடம் பிடியுங்கள். சிவப்பு எதிர்மாறாக, பிற்பகலில் அறைச் சூட்டில் 26, 27-இல் வரும். ஐஸ் வாளி கேளுங்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் புட்டியைப் பத்து நிமிடம் வைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். ஐஸ் மட்டும் போட்டால் வேலைக்காகாது. புட்டியைச் சுற்றித் தண்ணீர் தொட்டால்தான் குளிர் இறங்கும். ஒயினுக்குள் ஐஸ் போடவே வேண்டாம்.

இனி ஒவ்வொரு கிளாஸுக்கும்:

1. வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். இள வெள்ளையில் பச்சை சாயல் இருக்கும். தங்க நிறத்தைத் தாண்டிப் பழுப்பானால் காற்றுப்பட்டது. சிவப்பில் ஓரம் ஊதாவாக இருந்தால் இளையது, செங்கல் நிறமானால் வயதானது.

2. ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். கெட்டுப்போன வாசனைகள் இந்த முதல் மூச்சில்தான் தெளிவாகத் தெரியும்.

3. கிளாஸின் அடியை மேசையிலேயே வைத்து ஐந்தாறு சுற்று சுற்றி, உடனே முகருங்கள். நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக மூன்று மூச்சு. மூக்கு சலித்தால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள்.

4. ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, எல்லாப் பக்கமும் படும்படி ஐந்து விநாடி உருட்டுங்கள். புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, தொண்டைச் சூடு என்ற வரிசையில் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்.

5. துப்புங்கள். துப்புவதற்குப் பாத்திரம் கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஒயின் செய்கிறவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள். துப்பிய பிறகு வாசனை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் சாதாரணம், பத்தைத் தாண்டினால் நல்லது.

6. அடுத்ததை எடுக்குமுன் எழுதிவிடுங்கள். மூன்றாவது கிளாஸ் தாண்டினால் முதலாவது நினைவிருக்காது.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "சொவின்யோன் ப்ளாங்க், போன வருஷம். காலை 11.20, நிழல், ஒயின் 9 டிகிரி. வெளிர் மஞ்சள், பச்சை ஓரம். குடைமிளகாய், கொய்யா, எலுமிச்சைத் தோல். இனிப்பு இல்லை. புளிப்பு 4/5, ஓரத்தில் கூர்மை. 7 விநாடி. 13 டிகிரியில் மறுபடி: கொய்யா கூடியது, முடிவில் லேசான கசப்பு." நேரமும் வெப்பநிலையும் எழுதாத குறிப்பை ஆறு மாதம் கழித்து வேறொரு புட்டியோடு ஒப்பிட முடியாது.

வாசனையைச் சொல்ல ஐரோப்பியப் பழங்களின் பெயர்களைத் தேட வேண்டியதில்லை. நாசிக் ஷெனினில் கொய்யா, பேரிக்காய், தேன். சொவின்யோனில் பச்சைக் குடைமிளகாய், அறுத்த புல், நாரத்தை. குடைமிளகாய் வாசனை தூக்கலாக இருந்தால் பழத்தைச் சற்று முன்கூட்டியே பறித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஷிராஸில் நாவற்பழம், இடித்த மிளகு, ஓக் பட்டிருந்தால் கிராம்பு, வெனிலா, புகை. புளிப்பைப் பற்றி ஒரு சொல்: வெப்ப நாடுகளில் சாற்றில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வழக்கமான, சட்டப்படியான வேலை. நன்றாகச் செய்தால் தெரியாது. அவசரமாகச் செய்தால் புளிப்பு பழத்தோடு ஒட்டாமல் தனியாக நாக்கின் ஓரத்தில் குத்தும். ஓர் ஒயினரியின் கைத்திறனை அளக்க இது நல்ல இடம்.

ஒரே ஷிராஸ், மூன்று வெப்பநிலை

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு நடுத்தர விலை ஷிராஸ் புட்டி, ஒரே மாதிரி மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் 50 மில்லி. முதல் கிளாஸை ஐஸ் தண்ணீரில் நிற்கவைத்து 10 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது 16. மூன்றாவதை மதிய நிழலில் 25, 26 வரை விடுங்கள்.

பத்தில் வாசனை மூடிக்கொண்டிருக்கும். மிளகு கொஞ்சம், பழம் அநேகமாக இல்லை. வாயில் துவர்ப்பு முரடாக ஈறைப் பிடிக்கும், கசப்பும் மேலே வரும். பதினாறில் நாவற்பழமும் மிளகும் சேர்ந்து வரும், துவர்ப்பு மெதுவாகி நாக்கின் மேல் படியும், புளிப்பு தன் இடத்தில் நிற்கும். இருபத்தைந்தில் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோகும்போதே ஆல்கஹால் குத்தும். பழம் ஜாம் வாசனையாகிவிடும், இனிப்பு கூடியதுபோலவும் புளிப்பு காணாமல்போனதுபோலவும் இருக்கும். மூன்றும் ஒரே புட்டி. இந்திய சிவப்பு ஒயின் சூடாக, தட்டையாக இருக்கிறது என்ற பேச்சில் பெரும்பங்கு இந்த மூன்றாவது கிளாஸைக் குடித்தவர்களுடையது.

குறை எது, ஒயினின் இயல்பு எது

நனைந்த அட்டைப்பெட்டி, பாசி பிடித்த சுவர் வாசனை வந்தால் கார்க் கெடுத்தது. மாற்றித் தரச் சொல்லுங்கள். நாசிக்கில் பல புட்டிகள் திருகு மூடி என்பதால் இது குறைவு. வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை என்றால் புட்டி திறந்து நாளாகிவிட்டது. டேஸ்டிங் ரூமில் அடிக்கடி நேர்வது இதுதான். புதுப் புட்டி திறந்து ஊற்றச் சொல்லத் தயங்காதீர்கள். வினிகர், நெயில் பாலிஷ் வாசனை என்றால் பாக்டீரியா வேலை, திருத்த முடியாது. அழுகிய முட்டை, எரிந்த ரப்பர் வாசனை என்றால் கந்தகச் சேர்மங்கள். நன்றாகச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

புட்டி அடியில் கண்ணாடித் தூள்போலத் தெரியும் படிகங்கள் குறையல்ல. குளிரில் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிகிறது, பனிக்காலத்தில் கூடுதலாகத் தெரியும். வடித்துக் குடிக்கலாம்.

மாலைச் சாப்பாடு

இப்போது மிசல். காரம் ஆல்கஹாலையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டும் என்பதால் கனத்த சிவப்பு வேண்டாம். நன்றாகக் குளிர்ந்த, கொஞ்சம் இனிப்புள்ள ஷெனின் சரியாக உட்காரும். காளா மசாலா போட்ட மட்டனுக்கு ஷிராஸ். ஊர் திரும்பிய பிறகு அதே ஷிராஸை மிளகு வறுவலோடு வைத்துப் பாருங்கள். மிளகுக்கும் ஷிராஸுக்கும் மிளகு வாசனை தரும் மூலப்பொருள் ஒன்றே, ரோட்டண்டோன்.

வாங்குவதும் கொண்டுபோவதும்

லேபிளில் உள்ள ஆண்டு அறுவடை ஆண்டு. நாசிக்கில் அது ஜனவரி முதல் மார்ச், பிரான்சில் செப்டம்பர். ஆகவே ஒரே ஆண்டு போட்ட இரண்டு புட்டிகளில் நாசிக் புட்டி அரை வருஷத்துக்கு மேல் மூத்தது. ஓக் படாத வெள்ளையும் ரோஸேயும் கிடைப்பதில் மிக இளையதாக வாங்குங்கள். இரண்டு வருஷம் தாண்டியது வேண்டாம். கடையில் வெயில் படும் அலமாரியில் நின்ற புட்டி, கார்க் வெளியே தள்ளியிருக்கும் புட்டி இரண்டையும் தொடாதீர்கள்.

வாங்கிய புட்டிகளைக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த ஒயினரிக்குள் போவதுதான் எல்லோரும் செய்வது. பிப்ரவரி வெயிலில் நிறுத்திய கார் 45 டிகிரியைத் தாண்டும், காலையில் சுவைத்த கொய்யா வாசனை மாலையில் இருக்காது. தெர்மோகோல் பெட்டியும் ஒரு கட்டி ஐஸும் எடுத்துப்போங்கள், அல்லது கடைசி ஒயினரியில் மட்டும் வாங்குங்கள்.

விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை; செக்-இன் பெட்டியில் 24 சதவீதத்துக்குக் கீழ் உள்ளதற்கு விமான விதி அளவுக் கட்டுப்பாடு வைக்கவில்லை. 750 மில்லி புட்டி ஒன்று ஏறத்தாழ 1.3 கிலோ என்று எடைக் கணக்குப் போடுங்கள். ஆனால் மாநில மதுவிலக்கு விதிகள் தனி. தமிழ்நாட்டுக்குள் வேறு மாநிலப் புட்டி கொண்டுவர என்ன அனுமதி என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிந்த பிறகே வாங்குங்கள். நாசிக்கிலிருந்து சாபுதாரா பக்கமாகச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: அது குஜராத், மதுவிலக்கு உள்ள மாநிலம், அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒரு புட்டிகூட வண்டியில் இருக்கக் கூடாது.

வீட்டில் அலமாரியிலோ சமையல்கட்டிலோ வைக்காதீர்கள். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் சித்திரை வெயிலுக்கு அறைச் சூடே 33, 34 டிகிரி போகும். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் காய்கறிப் பெட்டிக்கு மேல், படுக்கவைத்து, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். வெள்ளையைப் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பும், சிவப்பை முக்கால் மணி நேரம் முன்பும் வெளியே எடுத்து, ஊற்றுமுன் தெர்மோமீட்டரை ஒரு முறை விட்டுப் பாருங்கள்.